அஞ்சுக்கு அஞ்சு

வக்கீலாம்மா நீங்க? பைக்குள்ள கறுப்புக் கோட்டு தெரிஞ்சது, அதான் கேட்டேன். மதுரைக்கா? ஐகோர்ட்டுக்கா. நல்லது. நானும் மதுரைக்குத்தான். இந்த பஸ் ஷட்டரைக் கொஞ்சம் எறக்கிக்கிறேன், வெயில் கண்ணுல அடிக்குது.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? நம்மூர்ல ஜட்ஜுக்கு யாராவது மார்க் போட முடியுமா? சிரிக்காதீங்க. நான் போட்டிருக்கேன். நிஜமாத்தான். அமெரிக்காவுல ஒரு ஜட்ஜம்மாவுக்கு, ஒரு தடவை இல்ல, ஏழு தடவை போட்டிருக்கேன். அந்த ஜட்ஜம்மாதான் என் தலையில மண்ணை அள்ளிப் போட்டா.

என் மகன் வாணன் அங்கதான் இருக்கான். மதிவாணன்னு அவங்கப்பா வெச்ச பேரு. கம்ப்யூட்டர் வேலை. எங்க வீட்டுக்காரர் தவறின பெறகு, ஒத்தையில இங்க என்ன செய்யப் போறேன்னு கூட்டிக்கிட்டுப் போயிட்டான். மருமக தாரிணி, அங்க ஒரு ஆஸ்பத்திரியில லேப்ல வேலை. ஒரே பேத்தி, மிருதுளா. நான் போறப்ப அவளுக்கு நாலு வயசு.

அந்த ஸ்டேட்ல ஜட்ஜுக்கு எலெக்‌ஷன் உண்டும்மா. எதிர்த்து ஆள் நிக்கிற எலெக்‌ஷன் இல்ல. ஆறு வருஷத்துக்கு ஒருக்கா சனங்ககிட்டக் கேப்பாங்க, இந்த ஜட்ஜ் இருக்கட்டுமா, வேணாமா. இருக்கட்டும், வேணாம், ரெண்டுல ஒண்ணு. ஆனா சனங்களுக்கு எந்த ஜட்ஜ் எப்படின்னு என்ன தெரியும்? கோர்ட்டுக்குள்ள கால் வெச்சவங்களே கொஞ்சம் பேர்தானே. அதுக்காக ஒரு கமிட்டி இருக்கு. வக்கீல்கள், சாட்சி சொன்னவங்க, கோர்ட்டுல வேலை பாக்கிறவங்க எல்லார்கிட்டயும் பாரம் அனுப்பி மார்க் கேப்பாங்க. அது போக, எந்தக் கேஸுக்கும் சம்பந்தமில்லாத ஆளுகளைப் பின்வரிசையில உக்கார வெச்சும் மார்க் போடச் சொல்லுவாங்க. எலெக்‌ஷனுக்கு முன்னாடி எல்லாத்தையும் கூட்டி ஒரு புஸ்தகமாப் போட்டு வீடு வீடா அனுப்புவாங்க. அதைப் பாத்து சனங்க ஓட்டுப் போடணும்.

அந்தப் பின்வரிசையில உக்காந்தவதான் நான். எனக்கு அந்த நாட்டுல ஓட்டுக் கிடையாது. ஆனா மார்க் போட்டேன்.

இதைக் கண்டுபிடிச்சுக் குடுத்தது யாருங்கிறீங்க? தாரிணிதான். நான் பகல் பூரா ஜன்னலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்னு அவளுக்கு மனசு கேக்கல. "அத்தை, முப்பத்திமூணு வருஷம் பேப்பர் திருத்தினவங்க நீங்க. இதுக்கு உங்களை விட்டா ஆள் கிடையாது"ன்னு சொல்லி அவளே பாரம் நிரப்பி அனுப்பினா. செவ்வாக்கிழமை அவளுக்கு லீவு. அவளே கார்ல கொண்டுபோய் விட்டுட்டு, மத்தியானம் வந்து கூப்பிட்டுக்குவா. எனக்குன்னு ஒரு நீளக் கோட்டும் வாங்கிக் குடுத்தா, கோர்ட்டுக்குள்ள ஏசி ஜாஸ்தின்னு. ஆமா, நல்லாத்தான் பாத்துக்கிட்டா. நல்லாப் பாத்துக்கிட்டே கழுத்தறுக்கிறவங்களும் இருக்காங்க இல்லையா.

அருப்புக்கோட்டையில நீங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, தமயந்தி டீச்சர்னா இங்கிலீஷ் டீச்சர். அரை மார்க் சும்மா போட மாட்டேன், அரை மார்க் சும்மா குறைக்கவும் மாட்டேன். கரஸ்பாண்டென்ட் மகனையே நான் ஃபெயிலாக்கியிருக்கேன்.

அங்க எங்களுக்கு ரெண்டு நாள் ட்ரெயினிங் குடுத்தாங்க. அதுல ஒரு அம்மா திருப்பித் திருப்பிச் சொன்னது ஒண்ணுதான். தீர்ப்பு சரியா தப்பான்னு பாக்காதீங்க, அது உங்க வேலை இல்ல. ஜட்ஜ் எப்படி நடந்துக்கிறாங்கன்னு மட்டும் பாருங்க. பொறுமையாக் கேக்கிறாங்களா, ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாப் பாக்கிறாங்களா, மரியாதையாப் பேசுறாங்களா, புரியிற மாதிரி சொல்றாங்களா. ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் மார்க். ஜட்ஜுகிட்ட நாம யாருன்னு எப்பவும் சொல்லக் கூடாது. நான் எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்கிட்டேன்.

எனக்கு வந்தது ஜட்ஜ் டாலன்னு ஒரு பொம்பளை ஜட்ஜ். ஐம்பத்தஞ்சு வயசிருக்கும். நரைச்ச முடியைக் குட்டையா வெட்டியிருப்பா. குடும்பக் கேஸுதான் பூரா. முதல் நாளே ஒண்ணு பாத்தேம்மா. ஒரு ஆளு, கட்டட வேலை பாக்கிறவன் போல, வக்கீல் கிடையாது, திக்குவாய். ஒரு வார்த்தை வெளிய வர அரை நிமிஷம் ஆகுது. எதிர்ப்பக்க வக்கீல் கடியாரத்தைப் பாக்கிறான். இவ என்ன செஞ்சா தெரியுமா? கையில இருந்த பேனாவைக் கீழ வெச்சா. ரெண்டு கையையும் மேஜை மேல வெச்சுக்கிட்டு அவன் மூஞ்சியையே பாத்தா. நடுவுல எடுத்துக் குடுக்கல, முடிச்சுக் குடுக்கல. அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தா. அவன் முடிச்சப்ப அழுதுட்டான். நானும்தான்.

என் வாழ்க்கையில நான் பேசி முடிக்கிற வரைக்கும் யாரும் காத்திருந்ததில்லம்மா. எங்க வீட்டுக்காரர் நல்லவர்தான், ஆனா நான் பாதி சொல்றப்பவே எந்திரிச்சுப் போயிருவார்.

அஞ்சுக்கு அஞ்சு போட்டேன். எல்லாத்துக்கும். கீழ கருத்து எழுத இடம் இருந்துச்சு. "பேச முடியாதவர்கள் பேசும்வரை இவர் காத்திருக்கிறார்"னு இங்கிலீஷ்ல எழுதினேன். ஏழு வாரம் போனேன். ஏழு தடவையும் மார்க்கைக் குறைக்க ஒரு இடம் கிடைக்குதான்னுதான் பாத்தேன். கிடைக்கல. எலெக்‌ஷனுக்கு முன்னாடி புஸ்தகம் வந்துச்சு. அதுல என் வரி அப்படியே இருக்கு. பேரு போடல, ஆனா என் வரி. தாரிணி அதை வெட்டிக் குளிர்ப்பெட்டிக் கதவுல ஒட்டி வெச்சா. ஜட்ஜம்மா பெரிய மெஜாரிட்டியில ஜெயிச்சா. அதுல என் பங்கும் இருக்குன்னு நினைச்சேன். இருக்கத்தானே செய்யும்?

அது நவம்பர். மறு சித்திரையில ஒரு செவ்வாக்கிழமை, காய்கறிக் கடைக்குக் கூட்டிட்டுப் போனவ காரை நிறுத்திட்டு இறங்காம உக்காந்திருந்தா தாரிணி. "அத்தை, நான் டைவர்ஸுக்குக் குடுத்திருக்கேன். உங்களுக்கு முதல்ல சொல்லணும்னு தோணுச்சு. இன்னிக்கு அவருக்கு நோட்டீஸ் போகும்"ன்னா.

என் பிள்ளை என்ன குடிக்கிறானா, அடிக்கிறானா? ஒரு சிகரெட் கிடையாது. கோவம் வரும். கோவம் வந்தா பேச மாட்டான். பத்து நாள், பதினஞ்சு நாள் பேச மாட்டான். வீட்டுல ஒருத்தி நடமாடுறாங்கிறதே தெரியாத மாதிரி இருப்பான். அதுக்கு ஒருத்தி கோர்ட்டுக்குப் போவாளா? அவங்கப்பாவும் அப்படித்தான். நான் போனேனா?

அவ வேற ஸ்டேட்டுல இருக்கிற அக்கா வீட்டுப் பக்கம் போகணுமாம், மிருதுளாவையும் கூட்டிக்கிட்டு. வாணன் விட மாட்டேன்னுட்டான். பிள்ளை யார்கிட்ட இருக்கணும்ங்கிறதுதான் கேஸு. ஒரு வருஷம் இழுத்துச்சு. அவ பிள்ளையோட வேற வீட்டுக்குப் போயிட்டா, நான் மகனோட. வாரத்துல ரெண்டு நாள் பிள்ளை எங்ககிட்ட வரும். கடைசியில விசாரணைக்கு எந்த ஜட்ஜுன்னு பேப்பர் வந்துச்சு. பாத்தா டாலன்.

வாணா, நீ கவலையே படாதேன்னு சொன்னேன். இவ நம்ம ஜட்ஜுன்னேன். சிரிச்சான். ரொம்ப நாளைக்கப்புறம் என்னைப் பாத்துச் சிரிச்சான்.

நான் மார்க் போட்டதுக்குப் பதிலா ஏதாவது செய்வான்னு நினைச்சேன்னு நினைக்காதீங்க. அப்படிப்பட்டவ இல்ல நான். நல்லவ, நியாயமானவன்னு தெரியும், நியாயம் எங்க பக்கம் இருக்கு, அவ்வளவுதான் நினைச்சேன்.

நானும் ஒரு சாட்சி. வாணன் ஒரு தாள்ல எழுதிக் குடுத்தான் என்ன சொல்லணும்னு. ஸ்கூலுக்கு அவன்தான் கொண்டுபோய் விடுறான், ஹோம்வொர்க் அவன்தான் பாக்கிறான், தாரிணி பாதி நாள் ஆஸ்பத்திரியிலதான் இருப்பான்னு. பொய் இல்ல. ரெண்டு மூணு தடவை ஸ்கூல்ல விட்டிருக்கான். ஒரு தடவை கணக்குச் சொல்லிக் குடுத்திருக்கான், நான் பாத்தேன். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா, நீயா எதுவும் பேசாதே"ன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனான்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணுமான்னு கேட்டாங்க. வேணாம்னுட்டேன். எனக்கு எதுக்கு?

கூண்டெல்லாம் இல்ல அங்க, ஜட்ஜுக்குப் பக்கத்துலயே ஒரு நாற்காலி. சத்தியம் வாங்கினாங்க. உக்காந்தேன். ஜட்ஜம்மா என்னையே பாத்தா. உங்களை இதுக்கு முன்னாடி என் கோர்ட்டுல பாத்த ஞாபகம் இருக்குன்னா. பாருங்க, ஒண்ணரை வருஷம் கழிச்சு, பின்வரிசையில உக்காந்த ஒருத்தியை ஞாபகம் வெச்சிருக்கா. எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு. சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்கதான். ஆனா சத்தியம் வாங்கிட்டுக் கேக்கறப்ப மறைக்கலாமா? ஆமா, நான்தான் உங்களுக்கு மார்க் போட்டேன்னேன். எல்லாத்துக்கும் அஞ்சுன்னேன்.

வாணனோட வக்கீல் தலையைக் குனிஞ்சு சிரிக்கிறான். ஜட்ஜம்மா சிரிக்கல. ரெண்டு வக்கீலையும் பாத்துச் சொன்னா: இதை நான் இப்பத்தான் கேக்கிறேன், நீங்களும் இப்பத்தான் கேக்கிறீங்க. கால் மணி நேரம் நான் உள்ள போறேன். அவங்கவங்க கட்சிக்காரங்ககிட்டத் தனியாப் பேசுங்க. யாராவது ஒருத்தர் வேணாம்னு சொன்னாலும் கேஸு வேற ஜட்ஜுக்குப் போயிரும். யார் சொன்னாங்கன்னு எனக்குத் தெரிய வேண்டியதில்ல. எந்திரிச்சுப் போயிட்டா.

எங்க பக்கம் வேணாம்னு ஏன் சொல்லப் போறாங்க? தாரிணி சொல்லுவான்னு நினைச்சேன். மாமியார் மெச்சின ஜட்ஜுகிட்ட எந்த மருமக நிப்பா? வராந்தாவுல நான் தண்ணி குடிக்கப் போனப்ப, தூணுக்கு அங்கிட்டு அவளும் அவ வக்கீலும் பேசுறது கேட்டுச்சு. வக்கீல் மாத்திரலாம், மாத்திரலாம்ங்கிறான். இவ சொல்றா, "வேணாம். அத்தை அஞ்சு போட்டிருந்தா அது அஞ்சுதான்"ங்கிறா.

அவ ஏன் அப்படிச் சொன்னா? இன்னிக்கு வரைக்கும் எனக்கு விளங்கல. ஏதோ சூதுன்னுதான் நினைச்சேன் அப்ப.

திரும்பி வந்து உக்காந்தோம். வாணன் வக்கீல் கேட்டதுக்கெல்லாம் தாள்ல இருந்தபடி சொல்லிட்டேன். தாரிணி வக்கீல் ரெண்டே கேள்வி கேட்டுட்டு உக்காந்துட்டான். முடிஞ்சுதுன்னு நினைச்சு எந்திரிக்கப் போனேன். ஜட்ஜம்மா, எனக்கும் சில கேள்வி இருக்குன்னா.

ராத்திரியில பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா யாரைக் கூப்பிடும்னு கேட்டா. என்னைத்தான்னேன். பெருமையாத்தான் சொன்னேன். நடுவுல ஒருக்கா நான் ஊருக்கு வந்துட்டுப் போனது அவ பேப்பர்ல இருக்கு. நீங்க இந்தியாவுக்குப் போயிருந்த நாலு மாசத்துல? அப்ப அவங்கம்மாவைன்னேன். அப்பாவைக் கூப்பிடாதா? அவனுக்கு ஆபீஸ் வேலை ஜாஸ்தி, தூக்கம் முக்கியம், எங்க வீட்டுல அவனை யாரும் எழுப்ப மாட்டோம்னேன். நல்லதுக்குத்தானேம்மா சொன்னேன், என் பிள்ளை எவ்வளவு உழைக்கிறான்னு தெரியட்டும்னு.

எழுப்பினா என்ன ஆகும்னு கேட்டா.

இது தாள்ல இல்ல. வாணன் மூஞ்சியைப் பாத்தேன். அவன் மேஜையைப் பாத்துக்கிட்டு இருக்கான். அப்பத்தாம்மா அவ பேனாவைக் கீழ வெச்சா. ரெண்டு கையையும் மேஜை மேல வெச்சா. என்னையே பாத்தா. மிரட்டுற பார்வை இல்ல. மிரட்டியிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன், முப்பத்திமூணு வருஷத்துல எத்தனை இன்ஸ்பெக்டரைப் பாத்திருக்கேன். சும்மா காத்திருந்தா. எவ்வளவு நேரமானாலும் பரவாயில்ல, நீ சொல்றது எனக்கு வேணும்ங்கிற மாதிரி. வக்கீல் எந்திரிச்சு ஏதோ சொல்ல வந்தான். கையைக் காட்டி உக்கார வெச்சுட்டா. திரும்ப என்னையே பாத்தா.

சொல்லிட்டேன்.

எப்படி வந்துச்சுன்னு தெரியல, சொல்லிட்டேன். ஒரு தை மாசம், சனிக்கிழமை. தாரிணிக்கு அன்னிக்கு டூட்டி. மத்தியானம் சாப்பிட்டு வாணன் மாடியில படுத்திருந்தான். பிள்ளை கீழ கீபோர்டு வாசிச்சுக்கிட்டு இருந்துச்சு, ஸ்கூல்ல ஏதோ நிகழ்ச்சிக்கு. நான் மெதுவா வாசின்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். திடுதிடுன்னு இறங்கி வந்தான். ஒரு வார்த்தை பேசல. பிள்ளை கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய், சமையக்கட்டுப் பின்கதவைத் திறந்து வெளிய விட்டுக் கதவைச் சாத்திட்டான். வெளிய பலகைத் தளம், அது மேல பனி. பிள்ளைக்கு அப்ப ஆறரை வயசு. ரெண்டு நிமிஷம்தான் இருக்கும், ஸ்வெட்டர் போட்டிருந்தா, காலுக்குச் சாக்ஸ் போட்டிருந்தான்னு சொன்னேன். அதையும் சேத்துத்தான் சொன்னேன், ஜட்ஜம்மா தப்பா நினைச்சிரக் கூடாதுன்னு.

தாரிணி என்னைப் பாத்தா. அவளுக்கு அதுதான் முதல் தடவை கேக்கிறது. பிள்ளைகிட்ட அன்னிக்கே சொல்லி வெச்சிருந்தேன், அம்மாகிட்டச் சொல்ல வேணாம், அம்மா அழுவான்னு. பிள்ளை சொல்லல. வருஷம் ஒண்ணு ஓடியும் சொல்லல. தாரிணி கத்தல, அழல. ஒரு தகப்பன் பிள்ளையைக் கண்டிச்சான், அதைப் போய் ஒரு பெரிய விஷயமா அவகிட்டச் சொல்லிக் குடும்பத்தைக் கெடுக்கணுமா? நீங்களே சொல்லுங்க. குடும்பம் கெடாம இருக்கணும்னுதானே மறைச்சேன்.

ஜட்ஜம்மா நன்றின்னா. உங்களுக்கு இது எவ்வளவு கஷ்டம்னு எனக்குப் புரியுதுன்னா. அவளுக்கு என்ன புரியும்.

மூணு வாரத்துல தீர்ப்பு. பிள்ளை தாயார்கிட்டத்தான். அக்கா ஊருக்குப் போகலாம். வாணன் ஏதோ வகுப்புக்குப் போகணுமாம், கோவத்தை அடக்குறதுக்கு. அதை முடிக்கிற வரைக்கும் பிள்ளையை இன்னொரு ஆள் கூட இருக்கறப்பத்தான் பாக்கலாமாம். சொந்தப் பிள்ளையை.

அதுகூடப் பரவாயில்லம்மா. தீர்ப்புல பதினோராம் பக்கத்துல ஒரு வரி எழுதியிருந்தா. சாட்சி சொன்னவர்களிலேயே மிகவும் நம்பத்தகுந்தவர் குழந்தையின் பாட்டி, மகன்மீது இத்தனை அன்பு இருந்தும் உண்மையைச் சொன்னார்னு. எனக்கு மார்க் போட்டுட்டா. நான் அவளுக்குப் போட்டதை அப்படியே எனக்குத் திருப்பிப் போட்டுட்டா. வாணன் அந்த வரியைச் சமையக்கட்டுல நின்னுக்கிட்டுச் சத்தமா வாசிச்சான். "வாழ்த்துகள்மா"ன்னான்.

அதுதான் கடைசி. அப்புறம் பதினெட்டு நாள் பேசல. நான் சாப்பாடு எடுத்து வெப்பேன், நான் அங்கிட்டுப் போனதும் வந்து சாப்பிடுவான். பத்தொன்பதாம் நாள் சாப்பாட்டு மேஜையில டிக்கெட் இருந்துச்சு. திரும்பி வர்ற டிக்கெட் இல்ல, ஒத்த டிக்கெட்.

கெளம்பறதுக்கு முந்தின வாரம் கமிட்டியில இருந்து எனக்கு ஒரு பாரம் வந்துச்சு, அடுத்த தடவைக்கு இப்பவே மார்க் சேக்கிறாங்க போல. நீங்கள் ஜட்ஜ் டாலன் முன்பு சாட்சி சொல்லியிருக்கிறீர்கள், அவரைப் பற்றிய உங்கள் மதிப்பீடு என்னன்னு. வாடி, இப்ப வந்தியான்னு நினைச்சேன். உக்காந்தேன். பொறுமையாகக் கேட்டாரா? ஒண்ணு போடலாம்னு பாத்தேன். ஆனா கேட்டாளே. மரியாதையாக நடத்தினாரா? நடத்தினா. ரெண்டு பக்கத்தையும் சமமாகப் பாத்தாரா? எந்திரிச்சு உள்ள போனாளே, யார் வேணாம்னாலும் சரின்னு சொல்லிட்டு. ஒரு மார்க்கைக் குறைக்க என்னால முடியலம்மா. கடைசிக் கேள்வி, இந்த நீதிபதி பதவியில் தொடரலாமா? வேணாம்னு போட்டேன். மேல எல்லாம் அஞ்சு, கீழ வேணாம். அங்க வாசிச்சவங்க இந்தக் கெழவிக்குப் புத்தி கலங்கிருச்சுன்னு நினைச்சிருப்பாங்க. நினைச்சிட்டுப் போகட்டும். அவ ஜட்ஜா இருக்கலாம், நல்ல ஜட்ஜாவே இருக்கலாம். என்னை வெச்சு என் பிள்ளையை அறுத்திருக்கக் கூடாது.

நான் வந்து எட்டு மாசமாச்சு. ஞாயித்துக்கிழமை தோறும் தாரிணி போன் போட்டுப் பிள்ளையைப் பேச வெக்கிறா. எதுக்குன்னு தெரியல. பாட்டி, பல்லு விழுந்திருச்சுன்னு காட்டும். எடுக்கக் கூடாதுன்னு நினைப்பேன், எடுத்துருவேன். வாணன் ஒரு தடவைகூடப் பேசல. போன வாரம் பேசினான். எட்டு மாசத்துக்கப்புறம் அம்மான்னான். எனக்குக் கால் தரையில இல்ல. சாப்பிட்டியாடான்னு கேக்கிறதுக்குள்ள, ஒரு பேப்பர் அனுப்பியிருக்கேன், பிரிண்ட் எடுத்து நோட்டரி முன்னாடி கையெழுத்துப் போட்டு அனுப்புன்னான். அப்பீலுக்காம்.

இந்தாங்க, இதுதான். நீங்க வக்கீல், வாசிங்க.

எனக்கு இங்கிலீஷ் சரியாத் தெரியாதாம். ஜட்ஜ் கேட்டது விளங்கலையாம். வயசானதால குழம்பிப் போய், நடக்காததை நடந்ததாச் சொல்லிட்டேனாம். அப்படி ஒண்ணு நடந்ததா எனக்கு ஞாபகமே இல்லையாம். இதை இங்கிலீஷ்ல எழுதி அனுப்பியிருக்கான், நான் வாசிச்சுக் கையெழுத்துப் போடணும். ரெண்டாவது வரியில ஒரு கிராமர் மிஸ்டேக் வேற. அவனுக்கு ஏ, பி, சி, டி சொல்லிக் குடுத்தவ நான்.

ஆனா இதுல கையெழுத்துப் போட்டா அவன் என்கூடப் பேசுவான். அதுக்குத்தான் மதுரைக்குப் போறேன். அருப்புக்கோட்டையில போட்டா எல்லாருக்கும் தெரிஞ்சுபோயிரும், அங்க நோட்டரி என் ஸ்டூடன்ட்டு.

என்னம்மா, வாசிச்சிட்டுச் சும்மா இருக்கீங்க.

எவ்வளவு நேரமா? எது எவ்வளவு நேரம்? பிள்ளை வெளிய நின்னதா? அதான் சொன்னேனே, ரெண்டு நிமிஷம்.

அப்படிப் பாக்காதீங்கம்மா.

ரெண்டு நிமிஷம் இல்ல.

நான் சிங்க்ல நின்னு பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தேன். சிங்குக்கு நேர ஜன்னல். பிள்ளை கதவுப் பக்கம் நிக்கல, ஜன்னல் பக்கம் வந்து நின்னுச்சு. என்னைப் பாத்துக்கிட்டு. வாணன் கதவுக்குக் குறுக்க நாற்காலியைப் போட்டு உக்காந்துட்டான். நான் ஏதாவது சொன்னா இன்னும் கோவம் ஜாஸ்தியாகும்னு கழுவிக்கிட்டே இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரம் பூரா கழுவி முடிச்சேன். அவன் எந்திரிக்கல. கழுவின பாத்திரத்தையே எடுத்துத் திரும்பக் கழுவினேன். தண்ணி சுடுதண்ணி, ஜன்னல் கண்ணாடியில ஆவி படிஞ்சு போச்சு. அப்புறம் பிள்ளை தெரியல. நான் துடைக்கல. துடைச்சிருக்கலாம், துடைக்கல.

அரை மணி நேரம் இருக்கும். சாக்ஸும் போடல.

கதவைத் திறந்தப்ப பிள்ளை என்கிட்ட வரல. என்னைத் தாண்டி மாடிக்குப் போயிருச்சு.

ரிங் ரோடு வந்திருச்சா? அப்ப இறங்கற எடம் வந்தாச்சு. இல்ல, நோட்டரி எங்க இருக்காங்கன்னு நீங்க சொல்ல வேணாம். இந்தப் பேப்பரை நீங்களே வெச்சுக்குங்க. கிழிக்க வேணாம், சும்மா வெச்சுக்குங்க. பஸ்ஸுல தொலைச்சிட்டேன்னு அவன்கிட்டச் சொல்லிக்கிறேன். அவன் இன்னொண்ணு அனுப்புவான். அதையும் தொலைச்சிட்டேன்னு சொல்லுவேன். வயசாயிருச்சுல்ல, நம்பிருவான்.